அடித்த வரிக்குக் கீழே புள்ளி

அத்தியாயம் 17

பெரியசார் வீட்டிலிருந்து ஒரு புத்தகம் வரப்போகிறது என்ற செய்தி தெருவுக்குத் தெரிந்து ஒன்பது நாளாகிறது. தெரியாதவர் யாராவது மிச்சமிருந்தால் பெரியசாரே அவரை வழிமறித்துத் தெரிவித்துவிட்டார். பல் டாக்டரிடம் ஓடிக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தையல்காரியைக்கூட விடவில்லை. "கல்வி, பக்தி, வாசிப்பு, குடும்பம். நாலும் ஒரே புத்தகத்துல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, பள்ளிக்கூட ஹால்." வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் "வர்றேன் சார்" என்று சொன்ன பிறகுதான் வழிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

முப்பத்தெட்டு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர் பெரியசார். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை, மடித்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சாப்பிட்டுத் தட்டுக் கழுவிய கை காய்வதற்குள் குடும்பம் முழுக்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிட வேண்டும். பக்திப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். படித்ததும் மனசில் தோன்றியதை நீள நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். மறுநாள் காலையில் காப்பி டம்ளரை ஒரு கையிலும் சிவப்புப் பேனாவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, மனசில் தோன்றியதில் எது சரி எது தப்பு என்று பெரியசார் திருத்துவார். ஓரத்தில் மார்க்கும் உண்டு, பத்துக்கு.

"இந்த மாதிரி இன்னொரு வீட்டைக் காட்டுங்க பார்க்கலாம்" என்பார். யாரால் காட்ட முடியும்? வேறெந்த வீட்டுக்கும் இந்தக் கதி வரவில்லை.

பதினோரு வருஷத்து நோட்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் இந்தப் புத்தகம். பெயர் 'ஐவர் வாசிக்கும் இல்லம்'. ஐவரில் ஒருவர் இப்போது இல்லை. பெரியசாரின் மனைவி போய் இரண்டு வருஷமாகிறது. அது தலைப்பின் கம்பீரத்தைக் குறைத்துவிடக் கூடாது என்று ஐந்தை ஐந்தாகவே வைத்துக்கொண்டார்.

மருமகளைத் தெருவில் எல்லோரும் 'புரூஃப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் பதினாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். உள்வீட்டிலேயே ஆள் இருக்க, புத்தகத்தைப் பெரியசார் வேறு அச்சகத்துக்குக் கொடுத்தார். "வீட்டு மனுஷி பார்த்தா பாசத்துல பிழையை விட்டுடுவா" என்றார். புரூஃப் அக்கா எதுவும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே.

பேசினது அவள் மகள், பதினைந்து வயசுப் பொடிசு. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் மேடை ஏற மாட்டேன்" என்றது.

விஷயம் இதுதான். பாட்டி போன அன்றைக்குப் பொடிசு எழுதிய வரியை விழாவில் அதுவே படிக்க வேண்டும் என்று தாத்தா முடிவு செய்திருந்தார்.

"நீ படிச்சா ஹாலே அழும்."

"அது நான் எழுதினது இல்லை தாத்தா."

"நீ எழுதினதைத்தானே நான் திருத்தினேன்? உன் வரிதான்."

பொடிசு எழுந்துபோய்க் கை கழுவியது. அந்த நோட்டைத் தொட்டாலே அது கை கழுவும், சோப்புப் போட்டு மணிக்கட்டு வரைக்கும். காரணம் இல்லாமல் இல்லை. பெரியசார் எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். பதினோரு வருஷத்து எச்சிலில் நோட்டின் கீழ்மூலைகள் பழுப்பேறி, தடித்து, ஒருவிதப் புளித்த வாடையோடு இருக்கும். ஒரு காலத்தில் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்துக்கொண்டு திரிந்த பிள்ளை அது. இப்போது பாடப்புத்தகம் தவிர எதையும் திறப்பதில்லை.

நாளைக் காலையில் பள்ளிக்கூடக் கமிட்டி கூடுகிறது. புதுத் தலைமையாசிரியர் யார் என்று முடிவு செய்யும். பெரியசாரின் மகன் சின்னசார் அங்கேதான் கணக்கு வாத்தியார், நாற்காலிக்காகக் காத்திருக்கிறவர். புத்தகத்தை வெளியிடப் போகிறவரும் கமிட்டித் தலைவர்தான். பேத்தி மேடை ஏறவில்லையென்றால் மகன் நாற்காலி ஏற முடியாது என்று பெரியசார் சொல்லாமல் சொல்லியிருந்தார். சொல்லியும் சொல்லியிருந்தார்.

* * *

காலை ஒன்பது மணிக்குப் புரூஃப் அக்கா அச்சகத்துக்குள் நுழைந்தபோது அவள் மேஜையில் ஒரு கத்தை கிடந்தது. பக்கத்திலேயே நீள நோட்டுகள், கட்டுக் கட்டாக. மேலட்டையைப் பார்த்ததும் கைப்பையைக் கழற்றப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்த அச்சகத்துல மெஷின் படுத்துடுச்சாம்" என்றார் அச்சக முதலாளி, வாயில் பிஸ்கட்டோடு. "நேத்து சாயங்காலம் ஃபைலை இங்க தள்ளிட்டாங்க. நூறு காப்பி. பன்னிரண்டுக்குள்ள நீ கையெழுத்துப் போட்டாத்தான் நாலு மணிக்கு ஒட்டி முடிச்சுக் கொடுக்க முடியும். உன் மாமனார் புத்தகம்தானேம்மா? உனக்கு மனப்பாடமா இருக்குமே."

மனப்பாடம்தான். ஆனாலும் இரண்டாவது பக்கத்தைப் புரட்டியதும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும், அவரவர் எழுதிய வரி இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டு அடித்தபடியே இருந்தது. அதற்கடியில் தடித்த எழுத்தில் பெரியசாரின் திருத்தம். வலது ஓரத்தில் மார்க்.

எழுத்துக்கோத்தவரைக் குறை சொல்ல முடியாது. நோட்டுக்கட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் பெரியசாரே கைப்பட எழுதியிருந்தார்: 'ஓர் எழுத்தையும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளது உள்ளபடியே அச்சிடவும்.' உள்ளதில் அடித்ததும் உண்டுதானே. முப்பத்தெட்டு வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கைக்கு அது தோன்றவே இல்லை. தான் அடித்த வரி அந்த நிமிஷமே செத்துப்போய்விடுகிறது. அதை இன்னொரு ஆள் படிக்கவும் முடியும் என்பது பெரியசாரின் உலகத்திலேயே கிடையாது. புரூஃப் வேண்டுமா என்று அந்த அச்சகத்தில் கேட்டதற்கு, "நான் திருத்தினதுக்கு மேல திருத்த என்ன இருக்கு?" என்று கேட்டாராம். தன் முன்னுரையை மட்டும் நாலு தடவை வாங்கிப் பார்த்தாராம்.

அவள் படித்தாள். தொழில் பழக்கத்தில் பேனாமுனை வரிக்குக் கீழே நகர்ந்தது.

அத்தை, அதாவது அவள் மாமியார், எழுதியது: 'இன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்து கும்பிட்டேன்.'

அடிக்கப்பட்டிருந்தது. கீழே: 'இன்று ஆழ்ந்த தியானத்தில் மூழ்கினேன்.' பத்துக்கு ஐந்து. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'சும்மா என்ற சொல் வேண்டாம்.'

அவளுக்குத் தெரிந்து அந்த வீட்டில் நிஜமாகவே சாமி கும்பிட்ட ஒரே ஆள் அத்தைதான். சமையல்கட்டு ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடினால் பத்து நிமிஷத்துக்கு அசையமாட்டார். உதடுகூட அசையாது. அதற்கு ஐந்து மார்க்.

இன்னும் புரட்டினாள். அத்தையின் கடைசி மாதம்.

'வலி. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.'

அடிக்கப்பட்டிருந்தது. கீழே: 'வலியிலும் வாசித்தேன். வலி மறந்தது.' பத்துக்கு ஏழு.

புரூஃப் அக்காவுக்கு எங்கிருந்தோ ஒரு புளித்த வாடை அடித்தது. பசை காய்ச்சும் வாடை என்று நினைத்து எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வாடை போகவில்லை. அன்றைக்கு அத்தையால் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. நோட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டது யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுடைய இந்த இரண்டு கைதான்.

உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடித்த வரிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் அரைமணியில் வழித்துப் போட்டுவிடுவார்கள். மாமனாரின் மனசில் இருப்பதும் அதுதான். ஆனால் தாளில் இருப்பது வேறு. சந்தேகம் வந்தால் எழுதினவரைக் கேள் என்பது அவள் தொழிலின் முதல் விதி.

"முதலாளி, நீங்க ஒரு போன் போட்டுக் கேளுங்க. நான்தான் பார்க்கிறேன்னு சொல்ல வேண்டாம்."

முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டார். "சார், அச்சகத்துலேருந்து. இந்த அடிச்ச வரியெல்லாம் இருக்கே..."

"என்ன அடிச்ச வரி? முதல் தாளைப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன் சார். அதான் கேட்கிறேன், அந்த வரிங்க..."

"படிச்சும் கேட்டா அது என்ன படிப்பு? உள்ளது உள்ளபடியேன்னா உள்ளது உள்ளபடியே. ஒரு எழுத்தை நீங்க மாத்தினாலும் புத்தகத்தைத் தொடமாட்டேன். பதினோரு வருஷ உழைப்பு. உங்க சௌகரியத்துக்கு ஒண்ணும் மாத்த முடியாது."

வைத்துவிட்டார்.

முதலாளி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இந்த மனுஷனோட எப்படி ஒரே வீட்டுல இருக்கே?"

"பத்துக்குப் பத்து வாங்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

* * *

பதினொன்றரைக்குப் பொடிசு வந்து நின்றது. தோளில் பள்ளிக்கூடப் பை. முகம் கோபத்தில் கறுத்திருந்தது.

"பள்ளிக்கூடம் என்ன ஆச்சு?"

"ஒத்திகைன்னு கூப்பிட்டாங்க. மைக் முன்னாடி நிக்க வச்சு, எந்த இடத்துல குரல் நடுங்கணும்னு தாத்தா சொல்லித்தர்றாரும்மா. 'ஆறுதல்'ங்கற இடத்துல கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கணுமாம். பாத்ரூம் போறேன்னுட்டு வந்துட்டேன். நான் படிக்க மாட்டேன். அப்பாவுக்கு வேலை வரலைன்னா வராம போகட்டும்."

பாட்டி போன அன்றைய பக்கத்தை எடுத்துப் புரூஃப் அக்கா மகள் முன்னால் வைத்தாள்.

பொடிசு நின்றபடியே படித்தது. படிக்கப் படிக்கப் பை தோளிலிருந்து இறங்கி முழங்கையில் தொங்கியது.

பேத்தி: 'இன்று காலை பாட்டி இறந்துவிட்டார். சாயங்காலம் தாத்தா நோட்டை நீட்டினார்.' அடித்திருந்தது. கீழே: 'இன்று பாட்டி இறைவனிடம் சேர்ந்தார். வாசிப்பே எனக்கு ஆறுதல் தந்தது.' பத்துக்கு எட்டு.

"என்னுது இருக்கே" என்றது. குரல் இப்போது, யாரும் சொல்லித்தராமலே, நடுங்கியது. "இது அப்படியே வருமா?"

"நான் விட்டா வரும். நீ சொல்லு. வேண்டாம்னா இந்தப் பக்கத்தையே எடுத்துடறேன். உன் வரி, உன் இஷ்டம்."

பொடிசு யோசித்தது. விரல் பக்கத்தில் மெல்ல மேலே போனது, கீழே வந்தது. கடைசியில் ஓரிடத்தில் நின்றது.

"இது உன்னுதா?"

"ம்."

"'அத்தை அமைதியாகக் கண் மூடினார். இந்த வீட்டின் வாசிப்பே அவருக்குக் கடைசித் துணை.'" பொடிசு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலப் படித்தது. "பத்துக்குப் பத்து. மிக நன்று."

கத்தையை இழுத்துப் பின்னால் புரட்டியது. முன்னால் புரட்டியது. "பாட்டிக்கு எல்லாப் பக்கத்துலயும் கோடு. அப்பாவுக்குக் கோடு. எனக்குக் கோடு. உனக்கு மட்டும் ஒரு கோடுகூட இல்லையேம்மா."

"தினமும் வீட்டுல சண்டை வேண்டாமேன்னுதான்..."

"பாட்டி அமைதியாவா போனாங்க? நான் அடுத்த ரூம்லதானே இருந்தேன்."

புரூஃப் அக்கா கத்தையைத் தன் பக்கம் இழுத்து ஓரங்களை நேராக்கினாள்.

"தாத்தாவாவது மத்தவங்க எழுதினதைத்தான் பொய்யாக்கினாரு. நீ அவருக்கு அந்த வேலைகூட வைக்கலை."

சொல்லிவிட்டு அச்சகத்துப் பின்பக்கக் குழாய்க்குப் போனது. கை கழுவும் சத்தம் கேட்டது. நோட்டைத் தொட்டால் கழுவும் பிள்ளை இன்று தொட்டது அம்மா பார்த்த புரூஃபை. அந்தத் தண்ணீர்ச் சத்தம் நிற்பதாக இல்லை. புரூஃப் அக்கா உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறத்தியார் பிழையைப் பதினாறு வருஷம் தேடித்தேடிப் பிடித்துவிட்டு, சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்ப் பிழையில்லாத பொய் எழுதிக்கொண்டிருந்த கை மேஜைமேல் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள்.

பொடிசு திரும்பி வந்து கையை உதறியது.

"என் வரி இருக்கட்டும். ஆனா உன் பொய்க்குப் பக்கத்துல இருக்க வேண்டாம். ரெண்டும் இருந்தா என்னுதுதான் பொய்யின்னு நினைப்பாங்க. நீ பெரியவ, உனக்குப் பத்து மார்க்கு."

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போ."

"படிக்கணுமா?"

"புத்தகம் வரட்டும். பிரிச்சுப் பாரு. படிக்கிற மாதிரி இருந்தா படி."

மகள் போனதும் புரூஃப் அக்கா பேனாவை எடுத்தாள். அச்சகத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அடித்த வரியை எடுத்துவிடாமல் வைக்க வேண்டுமென்றால் அதற்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்துவிட வேண்டும். உள்ளபடியே இருக்கட்டும் என்று அர்த்தம், இங்கே கோட்டோடு சேர்த்தே. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் புள்ளிகள் போகவில்லை. அத்தையின் வரிக்குக் கீழே புள்ளி வைத்தாள். மகளின் வரிக்குக் கீழே வைத்தாள். பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டே போனாள்.

பிறகு தன் வரிக்கு வந்தாள். புள்ளி வைக்கவில்லை. சிவப்பை எடுத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், தானே அடித்தாள். கீழே எழுதினாள். இரண்டு வருஷமாக யாரிடமும், புருஷனிடம்கூட, சொல்லாத ஒன்று. மூன்று வரி வந்தது. மார்க் இருந்த இடத்தையும் அடித்தாள். அடித்த கோடும் அச்சில் வரட்டும் என்று ஓரத்தில் குறித்தாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னு பெரியவர் சொன்னாரேம்மா."

"இது என் வரி முதலாளி. எழுதினவ நான்."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள்.

* * *

நாலு மணிக்குப் பெட்டியை எடுக்க வந்தவர் சின்னசார். முதலில் அந்த அச்சகத்துக்குப் போய், அங்கே சொல்லித்தான் இங்கே வந்திருந்தார். புதுச்சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கமிட்டித் தலைவர் முன்னால் நிற்கப் போகிற சட்டை.

"இங்கேயா அடிச்சாங்க? அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். "நல்லா வந்திருக்கா?"

"பாருங்க."

ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தார். வேறு எங்கேயும் பிரியாமல் தன் வரியிலேயே பிரிந்தது. நாற்பத்தாறு வயசுக் கணக்கு வாத்தியார். பத்துக்கு மூன்று. அடுத்த பக்கம், பத்துக்கு நான்கு, 'சிந்தனையில் சோம்பல்.' சின்னசார் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"இதை எல்லாரும் படிப்பாங்களா?"

"அதுக்குத்தானே புத்தகம்."

"என் மார்க்கையும்?"

"எல்லார் மார்க்கையும்."

"தலைவர் பார்த்தா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கை அந்தத் தேதிக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்.

'அம்மா.'

அதன்மேல் கோடு. கீழே: 'முழு வாக்கியமாக எழுதவும்.' பத்துக்கு இரண்டு.

அச்சகத்தில் மெஷின் நின்றுவிட்டிருந்தது. முதலாளி வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

"இதை நான் அப்பவே பார்த்தேன்" என்றார் சின்னசார். "மறுநாள் காலையில பார்த்தேன். பார்த்துட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனேன்."

அவள் பக்கத்தில் நின்றாளே தவிர, தோளில் கைவைக்கவில்லை. வைத்திருக்கலாம். அவளுக்குத் தன் கைமேல் இன்றைக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"அப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லணும்."

"சொல்லுங்க. போன் உங்க கையிலதான் இருக்கு."

சின்னசார் போனைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். புதுச்சட்டையில் பெட்டித் தூசு நீளமாக ஒட்டியது. தட்டிவிடவில்லை.

* * *

ஹாலில் ஆள் குறைவில்லை. பெரியசாரிடம் படித்தவர்கள், படித்து முடித்தும் பயம் போகாதவர்கள், வரவில்லையென்றால் வழியில் பிடித்துக்கொள்வாரே என்று வந்தவர்கள். தையல்காரி ஆறாவது வரிசையில் புரூஃப் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள். பல் பிடுங்கியாகிவிட்டது, வாய் பூட்டிக்கொள்ளவில்லை.

"உன் மாமனார் பேச்சு ஒரு மணி நேரம்னா, எனக்கு மருந்து வேகம் அரைமணிதான்" என்று முணுமுணுத்தாள்.

பெரியசார் பேசினார். குடும்பம் என்பது முதல் பள்ளிக்கூடம் என்றார். வாசிப்பில்லாத பக்தி குருடு என்றார். "என் வீட்டில் யார் மனமும் எனக்குத் திறந்த புத்தகம்" என்றார். கை தட்டினார்கள். தலைவர் நாடாவை அவிழ்த்துப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். முன் ஐந்து வரிசைக்கும் ஆளுக்கொரு பிரதி போனது. பெரியசார் மேடையில் தன் பிரதியை வாங்கி முன்னுரையை ஐந்தாவது தடவையாகப் படிக்க ஆரம்பித்தார்.

"இப்போது என் பேத்தி."

பொடிசு வந்தது. மைக் முன்னால் நின்று, பக்கத்தைத் தேடிப் பிரித்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்தி ஆறாவது வரிசையைப் பார்த்தது. 

"பாட்டி போன அன்னைக்கு நான் எழுதினது" என்றது. "'இன்று காலை பாட்டி இறந்துவிட்டார். சாயங்காலம் தாத்தா நோட்டை நீட்டினார்.'"

ஹாலில் மின்விசிறிகளின் சத்தம் திடீரென்று பெரிதானது.

பெரியசார் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். கோபம் இல்லை அவருக்கு. வகுப்பில் வரி தாண்டிப் படிக்கிற பிள்ளையைத் திருத்துகிற அதே பழக்கக் குரல். பக்கத்து மைக்கில் அது ஹால் முழுக்கக் கேட்டது.

"அடிச்சதைப் படிக்கக் கூடாதும்மா. கீழே நான் எழுதியிருக்கேன் பாரு. அதைப் படி."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைகளில் பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும் பரபரவென்று கேட்டது. தையல்காரி முன்னிருக்கைக்காரரின் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். "'வலி'ன்னு அந்தம்மா எழுதியிருக்கு. அதுக்கு ஏழு மார்க்காம்" என்றாள், தனக்குத்தானே. அருவருப்பில் அவள் கன்னம் இன்னொரு பக்கமும் கோணியது. "அடப் பாவி மனுஷா."

தலைவர் தன் பிரதியை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் விரலை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தது அம்மாவோடது" என்றது பொடிசு. "இதுலயும் கோடு இருக்கு. தாத்தா போட்டது இல்லை. அம்மாவே போட்டது. இதை நான் படிக்க மாட்டேன். அவங்களே படிக்கட்டும்."

புத்தகத்தை நீட்டியது.

புரூஃப் அக்கா எழுந்தாள். ஆறு வரிசையைக் கடப்பதற்குள் ஆறு தரம் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. மேடைக்குக் கீழேயே நின்று மகளிடமிருந்து மைக்கை வாங்கினாள். புத்தகத்தை வாங்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

"'அத்தை அமைதியாகப் போகவில்லை'" என்றாள். "'முந்தின நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, அந்த நோட்டை வெளியே கொண்டுபோய் வை, நாற்றம் தாங்கவில்லை என்றார். நான் கொண்டுபோகவில்லை, பிடித்துக்கொண்டு நின்றேன்.'"

மைக்கைத் திரும்பக் கொடுத்தாள். மகள் வாங்கும்போது விரல் அவள் விரலில் பட்டது. பொடிசு கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது போதும்போல இருந்தது அவளுக்கு.

மேடையில் பெரியசார் குனிந்திருந்தார். அழுகிறார் என்று பின்வரிசையில் சிலர் நினைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த தலைவருக்குத்தான் தெரிந்தது. பெரியசார் அந்தப் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தாளின் மூலையை நீவிவிட்டார். 'நாற்றம்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அதன்மேல் நிறுத்தி நிதானமாக, அழகான கையெழுத்தில், 'வாசனை' என்று எழுதினார்.

பிறகு மார்க் போடுவதற்காகப் பேனா ஓரத்துக்குப் போனது.

தாளின்மேல் ஒரு நிழல் விழுந்தது. சின்னசார் மேடை ஏறி வந்து நின்றுகொண்டிருந்தார், புதுச்சட்டையில் தூசோடு. உள்ளங்கையை நீட்டினார்.

"பேனாவைக் கொடுங்கப்பா."

பெரியசார் நிமிரக்கூட இல்லை. "உட்காரு. உன்னை யாரும் கூப்பிடலை."

சின்னசார் உட்காரவில்லை. கையையும் மடக்கவில்லை.